வாடகைக்கு வந்த மரபுச் செல்வம்: ‘அல்மூமியா’ திரைப்படத்தை முன்வைத்து

ஒரு பொருளின் மூலம் ஒருவரிடமும் அதன் பயன் வேறொருவரிடமும் இருக்கக்கூடும் என்பதை, ஃபிக்ஹு நூல்களைப் பயிலும் மாணவர் தொடக்க ஆண்டுகளிலேயே அறிந்துகொள்கிறார். மூலத்தை ‘ஐன்’ என்றும் பயனை ‘மன்ஃபஅத்’ என்றும் அந்நூல்கள் வழங்கும். இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாடுகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று இஜாரா, அதாவது குறித்த காலத்திற்குக் குறித்த கட்டணம் செலுத்திப் பயனை மட்டும் பெறுதல். மற்றொன்று வக்ஃபு, மூலத்தை விற்கவும் வழங்கவும் வாரிசுரிமையாகப் பெறவும் இயலாதபடி நிறுத்தி வைத்து, அதன் பயனை மக்களுக்குத் திறந்து விடுதல். வகுப்பறையில் பல ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடம் இது. எனினும் இதன் முழு அழுத்தத்தையும் ஒரு திரைப்படமே எனக்கு உணர்த்தியது. அப்படத்தைப் பற்றியும், அதைக் காண எனக்கு வாய்த்த வழியைப் பற்றியும் ஒருசேரப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எகிப்திய இயக்குநர் ஷாதி அப்துஸ் ஸலாம் 1969-இல் உருவாக்கிய ‘அல்மூமியா’ என்னும் அப்படத்தின் பெயரை, முதுகலை பயின்ற நாள்களில் ஓர் அரபு மாத இதழின் பக்கங்களில்தான் முதன்முதலில் கண்டேன். படம் முழுவதும் உரையாடல் தூய இலக்கிய அரபியில் அமைந்துள்ளது என்னும் ஒரு வரிக் குறிப்பு என் கவனத்தைப் பற்றி நிறுத்தியது. எகிப்தியத் திரைப்படம் என்றாலே கெய்ரோவின் பேச்சு வழக்கு என்றிருந்த நிலையில் இது வியப்பாக இருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க வழி ஏதும் இல்லை. நகரத் திரையரங்குகளில் அது வரப்போவதில்லை; ஒளிநாடாக் கடைகளில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதே நகைப்புக்கு இடமாகும். முப்பது ஆண்டுகளுக்குப் பின், மாதச் சந்தா செலுத்திப் படம் பார்க்கும் இணையச் சேவை ஒன்றின் பட்டியலில் அதன் ஆங்கிலப் பெயரைக் கண்டபோது, காணாமற்போன கிதாபு ஒன்று எதிர்பாராமல் கைக்கு வந்ததைப் போன்றதோர் உணர்வே ஏற்பட்டது.

இத்தகைய சேவைகளைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். அன்றாடப் பொழுதுபோக்குப் படங்களை வழங்கும் பெரு நிறுவனங்களுக்கு அப்பால், உலகின் செவ்வியல் படங்களையும் கலைப்படங்களையும் மட்டும் தேர்ந்து வழங்கும் சேவைகள் சில உள்ளன. துருக்கியரான எஃபே சக்காரெல் 2007-இல் ‘தி ஆத்தர்ஸ்’ என்னும் பெயரில் தொடங்கி, 2010-இல் ‘மூபி’ எனப் பெயர் மாற்றிய சேவை அவற்றுள் ஒன்று. பல ஆண்டுகள் அது ஒரு வினோதமான ஒழுங்கைக் கடைப்பிடித்தது. நாளொன்றுக்கு ஒரு படம் வந்து சேரும். முப்பதாம் நாள் அது போய்விடும். எப்போதும் முப்பது படங்களே இருக்கும். 2020-இல்தான் நிலையானதொரு நூலகப் பகுதியை அது சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் 2016-இல் தொடங்கப்பட்ட ‘ஃபிலிம்ஸ்ட்ரக்’ என்னும் சேவையின் கதை வேறு. பழம்படங்களின் பெரும் களஞ்சியமாக விளங்கிய அதை, உரிமையாளரான நிறுவனம் 2018 நவம்பரில் மூடிவிட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் ‘கிரைட்டீரியன் சானல்’ அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தது. எனினும் அதன் வாயில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டுமே திறந்தது. களஞ்சியங்கள் திறப்பதும் மூடுவதும் அவற்றைப் பயன்படுத்துவோரின் விருப்பத்தைப் பொறுத்தவையல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இனிப் படத்திற்கு வருவோம். 1881-ஆம் ஆண்டு மேல் எகிப்தில் நிகழ்ந்த உண்மைச் சம்பவம் இதன் அடிப்படை. நைல் நதியின் மேற்குக் கரையில், தைருல் பஹ்ரீ மலைச்சரிவில், பண்டை எகிப்திய அரசர்களின் உடல்கள் மறைத்து வைக்கப்பட்ட குகை ஒன்றை அருகிலுள்ள குர்னா கிராமத்துக் குடும்பம் ஒன்று அறிந்து வைத்திருந்தது. அதிலிருந்த பொருள்களைச் சிறிது சிறிதாக விற்று அது வாழ்ந்துவந்தது. கள்ளச் சந்தையில் வந்த பொருள்களைக் கண்டு ஐயுற்ற தொல்பொருள் துறை விசாரணையில் இறங்கியது. முடிவில் குடும்பத்தில் ஒருவரே இரகசியத்தை வெளியிட்டார். இரண்டாம் ராம்ஸெஸ், முதலாம் ஸெத்தி, மூன்றாம் துத்மோஸ் உள்ளிட்ட 40-க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டு நீராவிக் கப்பலில் கெய்ரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

இந்தச் செய்தியைத் துப்பறியும் கதையாக்குவது எளிது. ஷாதி அப்துஸ் ஸலாம் இதை ஓர் இளைஞனின் மனச்சான்றின் கதையாக்கினார். குலத்தலைவர் ஸலீம் இறந்துபோகிறார். அடக்கம் முடிந்த கையோடு, சிற்றப்பன்மார் அவருடைய இரு மகன்களையும் மலைக்குள் அழைத்துச் சென்று குடும்ப இரகசியத்தை ஒப்படைக்கின்றனர். பிணப்பேழையைத் திறந்து, உடலைச் சிதைத்து, கண் வடிவம் பொறித்த பொன் அணியை எடுத்து நீட்டுகின்றனர். இதுவரை உண்ட சோறு எங்கிருந்து வந்தது என்பதை மகன்கள் அந்தக் கணத்தில் அறிகின்றனர். மூத்தவன் மறுத்துப் பேசுகிறான். நதியில் படகின்மீது வைத்துக் கொல்லப்படுகிறான். இளையவன் வனீஸ் பாழடைந்த கோயில்களிடையே தனியே அலைந்து, இறுதியில் கப்பலில் வந்திருக்கும் கெய்ரோ அதிகாரி அஹ்மத் கமாலிடம் சென்று அனைத்தையும் கூறிவிடுகிறான். விடியலில் பேழைகள் வரிசையாகச் சுமந்து செல்லப்படுகின்றன. கப்பல் புறப்படுகிறது. வனீஸ் கரையில் தனித்து நிற்கிறான்.

வரலாற்றிலிருந்து இயக்குநர் விலகிய ஓரிடம் கவனிக்கத்தக்கது. அந்த உடல்களை வெளிக்கொணரும் பணியை உண்மையில் தலைமையேற்று நடத்தியவர் ஜெர்மானியரான எமில் புருக்‌ஷ். எகிப்திய மண்ணின் மைந்தர்களில் முதல் எகிப்தியல் அறிஞராகக் கருதப்படும் அஹ்மத் கமால் உடன் சென்றவர். படம் புருக்‌ஷை நீக்கிவிட்டு அஹ்மத் கமாலை முன்னிறுத்துகிறது. இதை வரலாற்றுப் பிழை என்று ஒதுக்குவது பொருந்தாது. மரபுச் செல்வத்தைக் காப்பது அயலாரின் கருணையாகவே இருந்தாக வேண்டுமா என்னும் கேள்வியை எழுப்புவதற்காகவே இம்மாற்றம் செய்யப்பட்டுள்ளது. ஆனால் தார்பூஷ் அணிந்த அந்த எகிப்திய அதிகாரியும் மலைவாழ் மக்களுக்கு அந்நியராகவே தெரிகிறார் என்பதையும் இயக்குநர் மறைக்கவில்லை. படத்தின் நேர்மை இங்குதான் உள்ளது.

நம்மைப் போன்றோருக்கு இப்படம் மற்றொரு தயக்கத்தையும் தரக்கூடும். ‘ஃபிர்அவ்ன்’ என்னும் சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழுவது ஆணவத்தின் உருவம். அந்த அரசர்களின் உடல்களை மரியாதையோடு காட்டும் படத்தை நாம் எவ்வாறு எதிர்கொள்வது? நானும் இத்தயக்கத்தோடுதான் பார்க்கத் தொடங்கினேன். ஆனால் படம் அரசர்களின் ஆட்சியைப் புகழவில்லை. அவர்களின் வெற்றிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறந்தவரின் உடலைச் சிதைத்து விற்கலாமா, முன்னோர் செய்தார்கள் என்பதற்காக ஒரு தீமையைத் தொடரலாமா என்பவையே அது எழுப்பும் கேள்விகள். தந்தையர் வழி என்பதையே சான்றாகக் காட்டுவோரைத் திருமறை எத்தனை இடங்களில் கண்டிக்கிறது என்பதை வாசகர்கள் அறிவர். மகன் தன் தந்தையின் அடக்கத்தன்றே தந்தையின் குற்றத்தையும் அறிய நேரும் அந்தத் துயரத்தை இத்தனை அடக்கமாகக் காட்டிய வேறொரு படத்தை நான் கண்டதில்லை.

மொழியைப் பற்றி ஓர் அரபு ஆசிரியன் சொல்லாமல் இருக்க இயலாது. உரையாடலை எழுதியவர் எழுத்தாளர் அலா அத்தீப். மலைக்கிராமத்து மாந்தர் இலக்கண வழுவற்ற அரபியில் பேசுவது முதற்கண் செயற்கையாகத் தோன்றும். சிறிது நேரத்தில் அதன் நியாயம் புலப்படும். சொற்கள் குறைவு, ஒவ்வொரு வாக்கியத்திற்குப் பின்னும் காற்றின் ஒலி. அன்றாடப் பேச்சில் சொன்னால் வழக்காடலாகிவிடக்கூடிய செய்தி, இந்த மொழியில் சொல்லப்படும்போது தீர்ப்பின் கனத்தைப் பெறுகிறது. ஆங்கில சப்டைட்டிலில் இக்கனம் பெரிதும் கரைந்துபோகிறது. படத்தின் பெயரிலேயே இதைக் காணலாம். அரபியில் இதற்கு ‘யவ்ம அன் துஹ்ஸஸ் ஸினீன்’ என்றொரு துணைப்பெயர் உண்டு; ஆண்டுகள் எண்ணப்படும் நாள் என்பது பொருள். ஆங்கிலத்தில் இது ஆண்டுகளை எண்ணும் ‘இரவு’ ஆகிவிட்டது. ‘யவ்ம்’ என்ற சொல்லைக் கேட்கும் நம் செவியில், கணக்குக் கேட்கப்படும் மாபெரும் நாளின் எதிரொலி சேர்ந்தே கேட்கும். ‘இரவு’ என்னும் சொல்லில் அது இல்லை. உலகப் படங்களைத் தேடித் தருகின்ற சேவைகள் அவற்றை ஆங்கிலத்தின் வாயில் வழியாகவே நமக்குத் தருகின்றன. மூலமொழி அறிந்தவர் அவ்வாயிலில் சற்று நின்று பார்ப்பது கடமை.

பார்த்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரவு இருபது நிமிடங்களில் நிறுத்திவிட்டேன். படம் மிக மெதுவாக நகர்கிறது. கறுப்பு உடை மாந்தர் மணல்வெளியில் நெடுநேரம் நடக்கின்றனர். அரங்கில் அமர்ந்திருந்தால் அந்த நடையோடு நானும் நடந்திருப்பேன். வீட்டில் கைபேசி அழைத்தது, விருந்தினர் வந்தனர், நிறுத்துவதற்குரிய பொத்தான் விரலருகே இருந்தது. பொறுமையைக் கோரும் கலைக்கும் பொறுமையின்மைக்கெனவே அமைந்த கருவிக்கும் இடையிலான முரண்பாடு இது. மூன்றாம் இரவு விளக்கை அணைத்து, கைபேசியை வேறு அறையில் வைத்து, தொடக்கத்திலிருந்து ஒரே அமர்வில் பார்த்தேன். அன்றுதான் படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியும். எனினும் அதே பொத்தான் மறுநாள் எனக்கு உதவியாகவும் ஆனது. வனீஸும் அவனுடைய அண்ணனும் பேசும் காட்சிகளை நிறுத்தி நிறுத்தி, உரையாடலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். திரையரங்கு தராத வசதி இது. ஒரு கிதாபை உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதுவதும் பின்னர் தனியே திருப்பிப் பார்ப்பதும் வெவ்வேறு பயன்கள். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

இந்த 1969-ஆம் ஆண்டுப் படம் இத்தனை தெளிவாக என் திரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்த பழக்கம் அது. செய்தியை ஏற்குமுன் அது வந்த வழியைக் கேட்போம். இப்படத்தின் ஸனது இவ்வாறு செல்கிறது. கட்டடக்கலை பயின்று, பிறர் படங்களுக்கு அரங்கமும் உடையும் வடிவமைத்துவந்த ஷாதி அப்துஸ் ஸலாம் திரைக்கதையை எழுதினார். இத்தாலிய இயக்குநர் ரோபெர்த்தோ ரோஸ்ஸெலினி அதைப் படித்துப் பரிந்துரைத்ததால் எகிப்திய அரசின் ஆதரவு கிடைத்தது. அப்துல் அஸீஸ் ஃபஹ்மி ஒளிப்பதிவு செய்தார். மூல நெகட்டிவ் கீஸாவிலுள்ள எகிப்தியத் திரைப்பட மையத்தில் காக்கப்பட்டிருந்தது. மார்ட்டின் ஸ்கார்செஸி 2007-இல் நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை, இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துத் திரைப்படக் காப்பகத்தின் துணையோடு, 2009-இல் அதைச் சீரமைத்தது. அங்கிருந்து விநியோக உரிமையாளர் கைக்கு, அவரிடமிருந்து இணையச் சேவைக்கு, அதிலிருந்து எனக்கு. சிதைந்த சுவடியை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் தஹ்கீக் பணிக்கு இணையானது இச்சீரமைப்பு. ஆனால் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரை சுருங்கி, அடுத்த படத்தின் அழைப்பு வந்து நின்றது. அறிவிப்பாளர் வரிசையைச் சொல்லி முடிப்பதற்குள் அவையைக் கலைத்துவிடுவதைப் போன்றது இது.

இனி எனக்கு நேர்ந்த இழப்பு. இறுதியாண்டு மாணவர்களுக்கு உரைநடை நயம் கற்பிக்கும் பாடத்தில் இப்படத்தின் சில பகுதிகளைக் காட்டலாம் என எண்ணினேன். புத்தகத்திற்கு வெளியே, மனிதர் நாவில், துயரத்தையும் சினத்தையும் தாங்கும் மொழியாக இலக்கிய அரபியை அவர்கள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியபோது படம் பட்டியலில் இல்லை. உரிமக் காலம் முடிந்துவிட்டது போலும். விளக்கம் ஏதும் இல்லை; இருந்த இடத்தில் வேறொரு படத்தின் படிமம் இருந்தது. மனக்குறையோடு சந்தா ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். படம் இருந்திருந்தாலும் வகுப்பில் காட்ட எனக்கு உரிமை இல்லை. சொந்தப் பார்வைக்கு மட்டுமே அனுமதி. வாடகைப் பொருளை நிபந்தனைக்குப் புறம்பாகப் பயன்படுத்தலாகாது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருபவன் நான். ஆகவே சேவை என்மீது அநீதி இழைத்தது எனக் கூற இயலவில்லை. மாதந்தோறும் நான் வாங்கியது மன்ஃபஅத். அதை ஐன் என்று என் மனம் தவறாக எண்ணிக்கொண்டது. பட்டியலுக்கு ‘நூலகம்’ என்றும் குறித்துவைத்த படங்களுக்கு ‘என் பட்டியல்’ என்றும் பெயர் சூட்டியிருப்பது அந்த மயக்கத்தை வளர்க்கிறது.

படத்தை நினைவில் மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது, அது இதே கேள்வியைத்தான் பேசுகிறது என்பது புலப்பட்டது. மலைக்குடி மக்கள் களஞ்சியத்தைக் கட்டியவரல்லர்; ஆயினும் வாயிலை அறிந்தவர்கள். துண்டு துண்டாக விற்பதற்காகவே அதைக் காத்தார்கள். அவர்கள் காத்ததால்தான் அது அதுவரை அழியாமலும் இருந்தது. வணிகக் காவலின் இயல்பு இது. பயன் தரும் வரை காக்கும். பயன் தீர்ந்ததும் காக்க அதற்குக் காரணம் இல்லை. மறுபுறம், அரசின் கப்பலில் ஏற்றப்பட்ட செல்வம் காக்கப்பட்டது. ஆனால் அம்மண்ணை விட்டுப் போய்விட்டது. கப்பல் சென்ற வழியெங்கும் ஆற்றங்கரைப் பெண்கள் தலைவிரி கோலமாகப் புலம்பி அழுததை, அக்காலத்துத் தொல்பொருள் துறைத் தலைவர் மாஸ்பெரோ பதிவு செய்துள்ளார். 2021 ஏப்ரலில் 22 அரச உடல்கள் பெரும் அணிவகுப்போடு கெய்ரோவின் புதிய அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அந்த ஆடம்பரத்தைப் பார்த்தபோது, கரையில் தனித்து நின்ற வனீஸின் முகமே என் நினைவில் நின்றது. சரியானதைச் செய்தவனுக்கும் வீடு இல்லாமற்போயிற்று.

இதை அயல்நாட்டுக் கதையாக மட்டும் நாம் படித்துவிட இயலாது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி கிடைக்கவில்லை. அதைக் காட்ட எந்தச் சந்தாவாலும் முடியாது. காக்கப்படாத ஒன்றை வாடகைக்கு விடவும் வழியில்லை. நம் சமூகத்தின் நிலை என்ன? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பிற ஊர்களிலும் அரபுத்தமிழ்க் கையெழுத்துச் சுவடிகள் பழைய வீட்டுப் பேழைகளில் கிடந்து செல்லரித்த செய்தியை நாம் அறிவோம். குடும்பச் சொத்து என்று பூட்டி வைத்தவர்களும் உண்டு. என்னவென்று அறியாமல் வந்த விலைக்குக் கொடுத்தவர்களும் உண்டு. குர்னாவின் குகை அத்தனை தொலைவில் இல்லை.

சந்தாச் சேவைகளைத் துறக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. முப்பதாண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தது அத்தகைய ஒரு சேவைதான். அதற்கு நன்றி கூறுவதே முறை. வாடகையை வாடகை என்று அறிந்து பெறுவதில் குறையில்லை. ஆனால் மரபுச் செல்வத்தின் காவலை வாடகை ஏற்பாட்டிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது பெருந்தவறு. கைபர் நிலத்தைத் தாம் பெற்றபோது உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட செய்தி நாம் அறிந்ததே. மூலத்தை நிறுத்தி விளைவை அறமாக்கும் வழி அப்போது காட்டப்பட்டது. நிலத்திற்கும் பள்ளிவாசலுக்கும் கிணற்றுக்கும் நாம் பயன்படுத்திய அந்த ஏற்பாட்டை ஏடுகளுக்கும் ஒலிக்கும் ஒளிக்கும் விரிக்க என்ன தடை? விற்பனைக்குக் கிடைக்கும் நல்ல படங்களின் வட்டுகளை, காட்டும் உரிமையோடு, கல்லூரி நூலகங்கள் வாங்கி வைக்கலாம். தம் வீட்டுச் சுவடிகளை, பிரதியெடுக்கும் அனுமதியோடு, வசதியுள்ளோர் பொது நூலகங்களுக்கு வக்ஃபாக்கலாம். நம் ஊர்களின் முதியோர் பேச்சையும் பாடல்களையும் பதிவு செய்து, விற்கவியலாத நிபந்தனையோடு நிறுவனங்களிடம் சேர்க்கலாம். இவை பெரும் பொருட்செலவைக் கோருபவையல்ல. நிலைத்த கண்காணிப்பைக் கோருபவை. வக்ஃபு நிலங்களையே காக்கத் தவறிய நமக்கு, கடினமாக இருப்பது அந்தக் கண்காணிப்புத்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வாண்டு என் மாணவர்களுக்கு நான் படத்தைக் காட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த உரையாடலில் சில வரிகளைக் கரும்பலகையில் எழுதி, கதையைச் சொல்லி, இரு மாணவர்களை அண்ணனும் தம்பியுமாக நின்று படிக்கச் செய்தேன். மூத்தவனாக நின்ற மாணவன் இரண்டாம் முறை படிக்கும்போது குரல் தழுதழுத்து நின்றான். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்னர் மற்றொருவன் எழுந்து, “ஹஜ்ரத், இந்தப் படம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு முகவரி இல்லை.